தைலமரக் காட்டுப் பந்தயம்

அதென்ன கண்ணு, போனுல மேப்பா பாத்துட்டு இருக்கறே? பஸ்ஸு எங்க நிக்குதுன்னு காட்டுதா? இந்த நீலப் பொட்டுதான் நாமளா? அட, பெருமாநல்லூரே தாண்டலயே! ரோடு வேலைன்னு இப்பிடிக் குறுக்க தடுத்துப் போட்டா வண்டி எப்பத்தான் போறது. சரி உடு, நின்னா நிக்கட்டும். நாம என்ன எறங்கி நடக்கவா போறோம்.

எனக்கும் மேப்பு பாக்கத் தெரியும் கண்ணு. சிரிக்காதே. உன்ற போன்ல இருக்கறது என்ன மேப்பு, அது ஆளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகுது. நான் பாத்தது காயிதத்துல இருக்கற மேப்பு. காட்டுக்குள்ள உட்டுருவாங்க. கையில ஒரு காயிதம், ஒரு காம்பஸ்ஸு. எங்க கொடி கட்டியிருக்குதுன்னு நாமதான் தேடோணும். ஓரியண்டீரிங்குன்னு பேரு. மொதல்ல எனக்கு வாயிலயே நுழையல. இப்ப பாரு, தண்ணி பட்ட பாடாட்டச் சொல்றேன்.

உனக்கு எந்தூரு? திருப்பூரா? சரி சரி. நான் பொள்ளாச்சிப் பக்கம். கோபியில மகளக் கட்டிக் குடுத்துருக்கறேன், அவளப் பாத்துட்டுத்தான் வர்றேன். மேகலான்னு பேரு, ஒரே புள்ள. மாசமா இருக்கறா. அடுத்த முகூர்த்தத்துல வளைகாப்பு. அவிய ஊட்டு ஆளுங்கல்லாம் பெரிய கையி, மொறை தப்பாமச் செய்யோணும், அதப் பேசத்தான் வெடியால மொதல் பஸ்ஸுக்கே கெளம்பி வந்தேன்.

அந்தக் காட்டுப் பந்தயம் வெச்ச காலேஜ்காரங்க மேல எனக்கு இன்னிக்கும் ஆத்தரம் அடங்கல கண்ணு. நீயும் படிச்ச புள்ளயாட்ட இருக்கற, நீயே கேட்டுட்டுச் சொல்லு, தப்பு யார் பேர்லன்னு.

எங்கூட்டுக்காரரு இ.பி.ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. ஊருக்குள்ள நல்ல மதிப்பு. கரண்டு போச்சுன்னா ஆபீசுக்குப் போன் போடமாட்டாங்க, எங்கூட்டுக்குத்தான் வருவாங்க. ரிட்டயர்டு ஆனதுக்கப்பறமும் அப்பிடித்தான். அப்பறம் என்னாச்சுன்னா, கொஞ்சங் கொஞ்சமா ஒரு மாதிரி. சந்தைக்குப் போனவரு பஸ் ஸ்டாண்டுலயே நின்னுட்டு இருந்துருக்கறாரு, பொழுதோட எதுத்த வீட்டுப் பையன் கண்டு வண்டியில ஏத்திட்டு வந்தான். பஸ்ஸு கூட்டம்டா, அதான் நின்னுருக்கறாருன்னு நான் சொல்லிட்டேன். ஒரு கண்ணாலத்துல மாப்பிள்ள பேரென்ன மாப்பிள்ள பேரென்னன்னு கேட்டதையே கேட்டுட்டு இருந்தாரு. வந்திருந்த ஒரம்பரைச் சொந்தக்காரங்க ஒருத்தர ஒருத்தரு பாத்துச் சிரிச்சுக்கிட்டாங்க. எனக்கு அங்கயே பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு ஆயிருச்சு.

எந்தம்பி நாச்சிமுத்து சொன்னான், "அக்கா, மாமனக் கோயமுத்தூர்ல ஒரு டாக்டருகிட்டக் காட்டலாம். இது சும்மா மறதியில்ல." நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். "ஏண்டா, வீட்டுல வயசுக்கு வந்த புள்ளய வெச்சுக்கிட்டு அப்பனுக்கு மூளை சரியில்லன்னு சீட்டு வாங்கச் சொல்றயா? நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? அப்பனுக்கு இருந்தா மகளுக்கு வராதான்னு கேக்கமாட்டானா?" நாஞ் சொன்னது நாயந்தான, நீயே சொல்லு.

அப்பத்தான் பென்சன்காரங்க சங்கத்துக்கு அந்த அனுசுயா மேடம் வந்துச்சு. காலேஜுல ஆராய்ச்சி பண்ற புள்ள. ஒல்லிப்பிச்சானாட்ட இருந்துச்சு, ஆனாப் பேச்சு சுத்தம். மூளையில வழி கண்டுபுடிக்கற எடமும் ஞாபகம் வெக்கற எடமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாம். வயசாக வயசாக அது சுருங்குதாம். காட்டுக்குள்ள மேப்பப் பாத்து வழி தேடி நடந்தா அந்த எடம் பலமாகுமான்னு பாக்கறாங்களாம். "பலமாகும்னு நான் சொல்லலீங்க, ஆகுமான்னுதான் பாக்கறோம்"ன்னு அழுத்திச் சொல்லுச்சு. அறுபது தாண்டுனவங்க வேணும்னுச்சு. எனக்குக் கோயில் மணி அடிச்சாப்புல இருந்துச்சு கண்ணு. ஆஸ்பத்திரி இல்ல, மாத்திரை இல்ல, சீட்டு இல்ல. வெளையாட்டுக்குப் போறாருன்னு ஊருக்குச் சொல்லிக்கலாம், உள்ளுக்குள்ள மூளையும் சரியாப் போயிரும். அன்னிக்கே பேரக் குடுத்துட்டேன்.

மொத நாள் பரீட்சை வெச்சாங்க. ஒரு கடிகாரம் வரையுங்க, இந்த வார்த்தைங்கள ஞாபகம் வெச்சுக்குங்க, அஞ்சு நிமிசம் கழிச்சுத் திருப்பிச் சொல்லுங்கன்னு. அவரு திருதிருன்னு முழிச்சாரு. நான் சும்மா இருப்பனா? "அவருக்குக் காது மந்தமுங்க மேடம், நாம் பக்கத்துல இருந்து சத்தமாச் சொன்னாத்தான் கேக்கும்"ன்னு சேர இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும் அவருக்கு. கண்ணாலமான நாள்லருந்து யாரு எதக் கேட்டாலும் நாந்தான பதில் சொல்லிட்டு இருக்கறேன்? கறிக்காரன்லருந்து தாசில்தார் வரைக்கும். அவரு தலைய ஆட்டுவாரு, அவ்வளவுதான். இதையும் அப்பிடியே மெல்லமா எடுத்துக் குடுத்தேன். அந்தப் புள்ளயும் பாவம், நம்பி மார்க்குப் போட்டுச்சு.

அப்பறம் காடு. ஆனைமலை அடிவாரத்துல காலேஜுக்குச் சொந்தமா தைலமரக் காடு. மரமெல்லாம் ஒரே மாதிரி, எக்கட்டால திரும்புனாலும் அதே வரிசை, அதே வாசம். கொஞ்ச நேரம் நின்னாத் தலை கிறுகிறுன்னு வரும். ஒரு ஓரத்துல ஆனைக்குப் போட்ட சோலார் வேலி, அதுக்கு அந்தண்ட மலங்காடு. மேக்கால ஒரு பழைய பாறைக்குழி, எப்பவோ கல்லு வெட்டி அப்பிடியே உட்டுட்டுப் போயிட்டாங்க. ஆழம். கீழ பச்சையாத் தண்ணி நிக்கும். அங்க மட்டும் யாரும் எறங்கக்கூடாதுன்னு மொத நாளே சொன்னாங்க.

பயம் போறதுக்குச் சொந்தக்காரங்க ஒருத்தரு கூடப் போலாம், ஆனாக் கையக் காட்டக்கூடாது, வாயத் தொறக்கக்கூடாது. அதான் சட்டம். நான் வாயத் தொறக்கவே இல்ல கண்ணு. வளையல ஆட்டுவேன். சோத்தாங் கைன்னா அந்தக் கை வளையல், பீச்சாங் கைன்னா இந்தக் கை. நேராப் போகோணும்னா ஒரு செருமல். நாலு நாள்ல புடிச்சுக்கிட்டாரு. சொன்ன பேச்சக் கேக்கற மனுசன், அதுல ஒரு கொறை சொல்லமுடியாது.

மேப்ப நாந்தான் பாத்தேன். அட, அதுல என்ன இருக்குது? எங்கூர்ல சோத்துக்கு உப்பு கேட்டாக்கூட வடக்கால இருக்கற போசிய எடுன்னுதான் சொல்லுவோம். கோடு நெருக்கமா இருந்தா மேடு, நீலமா இருந்தா ஓடை, புள்ளி புள்ளியா இருந்தா ஒத்தையடித் தடம். காம்பஸ்ஸ மேப்பு மேல வெச்சுத் திருப்புனா முள்ளு சொல்லிரும். ஆரஞ்சும் வெள்ளையுமா அந்தக் கொடி மரத்துக்கு நடுவால தெரியறப்ப வயித்துக்குள்ள என்னமோ ஒண்ணு துள்ளும் பாரு, மேகலா பொறந்தப்பக்கூட எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம் இருந்துச்சான்னு தெரியல. ராத்திரி கண்ண மூடுனா மேப்புத்தான் வரும். அடுப்படியில நின்னுக்கிட்டே எந்தக் கொடியிலருந்து எந்தக் கொடிக்குக் குறுக்க போலாம்னு யோசிச்சுட்டு இருப்பேன், கொழம்பு அடிப்புடிச்சுரும். அந்த மேடம் ஒருநாள் கேட்டுச்சு, "நீங்களும் ஆராய்ச்சியில சேந்துக்கறீங்களா அம்மா?"ன்னு. எனக்கெதுக்குச் சாமி மூளை, இருக்கற மூளைக்கே வேலை இல்லன்னு சிரிச்சுட்டேன்.

மூணாம் மாசம் மறுபடி பரீட்சை வெச்சாங்க. மார்க்கு ஏறியிருந்துச்சு. ஏறாமப் பின்ன? கடிகாரம் வரையறதுக்கு நான் வீட்டுலயே நாளும் பொழுதும் எழுதிப் பழக்குனேனே. காட்டுலயும் எங்க ஜோடிதான் மொதல்ல வரும். அந்தப் புள்ளைக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. "எங்க தாத்தா கடைசியில எங்கம்மாவையே அடையாளம் தெரியாமச் செத்தாருங்க. இந்த ஐயாவப் பாக்கறப்ப எனக்கு நம்பிக்கையா இருக்குது"ன்னு அவரு கையப் புடிச்சுக்கிச்சு. அவரப் போட்டோ புடிச்சு, பேச வெச்சு வீடியோ எடுத்தாங்க. நாம் பக்கத்துல நின்னு எடுத்துக் குடுத்தேன். பேசிட்டாரு. நல்லாவே பேசிட்டாரு.

அந்த வீடியோதான் கண்ணு மேகலா கண்ணாலத்த முடிச்சுது.

கோபியில இருந்து சம்பந்தம் வந்துச்சு. நல்ல எடம், ஒரே பையன், தங்கமான கொணம். எல்லாம் பொருந்திருச்சு. ஆனா மாப்பிள்ளையோட பெரியப்பன் எந்தம்பியத் தனியாக் கூப்புட்டு, "பொண்ணோட அப்பாவுக்கு ஒரு மாதிரின்னு காதுல உழுந்துச்சே"ன்னு கேட்டுருக்கறாரு. ஊர் வாய மூட ஒல மூடி இருக்குதா? நான் போன எடுத்து அந்த வீடியோவக் காட்டுனேன். இந்த வயசுல காட்டுக்குள்ள மேப்ப வெச்சுக்கிட்டு மொதல்ல வர்றாரு பாருங்க, காலேஜே இவர வெச்சுத்தான் ஆராய்ச்சி எழுதுதுன்னேன். சம்பந்தியம்மாளுக்கு வாயெல்லாம் பல்லு. அப்ப அந்தக் கடைசிப் பந்தயத்த நாங்களும் வந்து பாக்கறோம், அங்கயே வாக்குக் குடுத்துர்றோம்னுட்டாங்க.

கடைசிப் பந்தயம்னா என்ன தெரியுமா? கூட யாரும் போகக்கூடாது. தன்னந்தனியாப் போய் எல்லாக் கொடியும் பாத்துட்டுத் திரும்பி வரோணும்.

அவரால ஆகாதுன்னு எனக்குத் தெரியுமே. மேடத்துகிட்டச் சொல்லி ஒடம்பு சரியில்லன்னு நிறுத்தியிருக்கலாம்தான். ஆனாச் சம்பந்திங்க வர்றாங்களே! அன்னிக்குன்னு பாத்து ஒடம்பு சரியில்லன்னா அந்தப் பெரியப்பன் உடுவானா?

ஒரு பழைய மஞ்சச் சீலை இருந்துச்சு. அதக் கிழிச்சு நாடாவாட்டப் பண்ணுனேன். தோப்புல தென்னைக்குத் தென்ன முழங்கால் உசரத்துல கட்டி, அவரக் கூட்டிட்டுப் போய்ப் பழக்குனேன். "மேப்ப மறந்துருங்க. குனிஞ்சு பாருங்க, மஞ்சத் துணி எங்க இருக்குதோ அக்கட்டால போங்க. அது முடியற எடத்துல நான் வருவேன்." சின்னப் புள்ளயாட்டச் சந்தோசமாப் போவாரு. ஒவ்வொரு துணியவும் தொட்டுப் பாத்துட்டு என்னத் திரும்பிப் பாத்துச் சிரிப்பாரு. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை.

பந்தயத்துக்கு மொத நாளு, தண்ணிக் கேனு எங்கெங்க வெக்கறதுன்னு மேடம் என்ற கையில மேப்பக் குடுத்துச்சு. அம்மா நம்ம ஆளுன்னு ஒரு நம்பிக்கை. கேன வெக்கற சாக்குல நான் துணியவும் கட்டிட்டேன். செடி மறைவுலதான், குனிஞ்சு பாக்கப் பழகுன கண்ணுக்குத்தான் தெரியும். பாறைக்குழிய ஒட்டிப் போய்த்தான் கடைசிக் கொடிக்குத் திரும்போணும், அங்க மட்டும் ரெண்டு துணி சேத்துக் கட்டுனேன். எம்மாஞ் சாமர்த்தியம் பாரு! எனக்கே என்ன மெச்சிக்கத் தோணுச்சு.

இங்கதான் கண்ணு அவங்க செஞ்ச துரோகத்தச் சொல்லப் போறேன். கேட்டுக்க.

மறுநா வெடியால சம்பந்தியோட போய் எறங்குறோம். பந்தல் போட்டு மைக்கு கட்டியிருக்குது. அந்த மேடம் மைக்குல சொல்லுது: "ராத்திரி ஆனைங்க வந்து மேக்கால வேலியச் சாச்சுருச்சு. இன்னும் உள்ளதான் இருக்குதுன்னு ஃபாரஸ்ட்டு வாட்ச்சர் சொல்றாரு. அதனால மேக்கால யாரும் போகவேண்டாம். பாதையக் கெழக்கால மாத்திட்டோம். புது மேப்பு குடுக்கறோம்."

ஆயிரம் பேரு சாப்புடற பந்தியில எல மாத்துனாக்கூட ஒரு வார்த்த முன்னால சொல்லுவாங்க. பாதைய மாத்துனா எங்கிட்டச் சொல்லவேண்டாமா? கேன வெச்சது நாந்தான? ராத்திரியே ஒரு போனு போட்டிருந்தா நான் ஓடிப்போய்த் துணிய அவுத்துருக்க மாட்டனா? படிச்சவங்கன்னு பேரு!

அப்பவே சொல்லியிருக்கலாமேங்கறயா? எப்பிடிச் சொல்றது கண்ணு? சம்பந்தியம்மா என்ற கையப் புடிச்சுக்கிட்டு, தாலிக்கொடி எத்தன பவுனுல போடறதுன்னு பேசிட்டு இருக்கறாங்க. அந்தப் பெரியப்பன் எதுக்க உக்காந்து எங்க மொகத்தையே பாத்துட்டு இருக்கறாரு. எந்திரிச்சுப் போயி "எங்கூட்டுக்காரருக்கு மேப்புப் பாக்கத் தெரியாதுங்க, நான் கட்டுன துணிய நம்பித்தான் போவாரு"ன்னு சொல்லச் சொல்றயா? அப்பறம் மேகலா கதி?

ஆனா ஒண்ணு செஞ்சேன். ஒவ்வொருத்தரு கையிலயும் ஒரு வாட்ச்சு கட்டி உட்டிருந்தாங்க. ஆளு காட்டுல எங்க இருக்கறாருன்னு அது கம்ப்யூட்டருக்குச் சொல்லிரும். எல்லாரும் பாக்கற மாதிரி பெரிய டிவியில ஓடுது. இவரு மேக்கால போனாருன்னா அத்தன பேருக்கும் தெரிஞ்சுருமல்ல? அவரு சட்டக் காலர நிமித்தி உடறாப்புல போய் அந்த வாட்ச்ச மெல்லக் கழட்டி என்ற கூடையில போட்டுக்கிட்டேன். டிவியில பாத்தா அவரு பேரு பந்தலுக்குள்ளயே நின்னுச்சு. எத்தன சமயோசிதம் பாரு எனக்கு.

அவரு பேரு கூப்புட்டாங்க. போனாரு. ஓரமா நின்னு ஒருதடவ திரும்பி என்னப் பாத்துச் சிரிச்சாரு. அப்பறம் குனிஞ்சாரு. மொத மரத்துலயே மேக்கால திரும்பிட்டாரு.

மத்தவங்கல்லாம் ஒவ்வொருத்தரா வந்துட்டாங்க. கை தட்டறாங்க, மோரு குடுக்கறாங்க. இவரு வரல. நான் மொகத்துல சிரிப்ப ஒட்ட வெச்சுக்கிட்டு உக்காந்துருக்கறேன். மேடம் வந்து, "ஐயா எங்கம்மா? சிக்னலு இங்கயே காட்டுது"ன்னுச்சு. நான் சட்டுன்னு, "அவரு அப்பவே வந்துட்டாருங்க. வெயிலுக்கு மயக்கமாட்ட இருக்குதுன்னாரு, தம்பி கார்ல வீட்டுக்கு அனுப்பிட்டேன்"ன்னேன். அட்டையில ஓட்ட போடற மிசினு ஒவ்வொரு கொடியிலயும் தொங்குமல்ல, அந்த அட்டையக் கேட்டுச்சு. அவரு சட்டப் பையோடயே போயிருச்சு, வாட்ச்ச மட்டும் எங்கிட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போனாருன்னேன். அது கம்ப்யூட்டரப் பாத்துச்சு. கம்ப்யூட்டரும் நான் சொன்னதையே சொல்லுச்சு. "ஐயா நல்லாருந்தாச் சரிங்கம்மா"ன்னுட்டுப் போயிருச்சு. நான் சொன்னா நம்பீர்றதா கண்ணு? ஒரு பொறுப்பு வேண்டாமா? ஆள நேருல பாக்காமக் கணக்க முடிக்கலாமா? சொல்லு!

சம்பந்திங்களும் அத நம்பி எல போட்டுச் சோறு சாப்புட்டாங்க. அங்கயே வாக்குக் குடுத்தாங்க. தட்டு மாத்தறதுக்கு நாள் குறிச்சாங்க. நாச்சிமுத்து என்னயவே மொறச்சுப் பாத்துட்டு இருந்தான், அவனுக்குத் தெரியும் அவன் கார்ல யாரும் போகலன்னு. காதுகிட்ட வந்து, "அக்கா, மாமன் உள்ள இருக்கறாரா? ஆனை இருக்குதுங்கறாங்களே அக்கா"ன்னு பல்லக் கடிச்சுட்டுக் கேட்டான். "பேசாத. இவிய கார் பல்லடம் தாண்டட்டும்"ன்னேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கண்ணாலத்தப் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

பொழுது சாயறப்பத்தான் நானும் அவனும் உள்ள போனோம். காலேஜ்காரங்க பந்தலப் பிரிச்சுட்டுக் கெளம்பிட்டாங்க. துணி ஒண்ணுகூட இல்ல கண்ணு. மரத்துக்கு மரம் குனிஞ்சு பாக்கறேன், ஒண்ணுகூட இல்ல. ஆனை லத்தி கெடக்குது, இன்னும் ஆவி போகல. தைலக் கெளைங்க ஒடிஞ்சு தொங்குது. தம்பி, "மாமா, மாமா"ன்னு கத்தறான். நான் என்னன்னு கூப்புடறது? பேரச் சொல்லி நான் கூப்புட்டதே இல்லயே. "ஏனுங்க, ஏனுங்க"ன்னு காடு பூரா கத்துனேன். எங்கயோ கெளை மளுக்குன்னு ஒடியற சத்தம் வந்துச்சு. நாச்சிமுத்து என்னய இழுத்துட்டு வெளிய ஓடியாந்துட்டான். ஃபாரஸ்ட்டு ஆபீசுக்குச் சொல்லலாம்னு அழுதான். பேப்பர்ல வந்துரும்டான்னேன்.

வெடிஞ்சு பாக்கறப்ப பாறைக்குழி வெளும்புல உக்காந்துருந்தாரு. காலத் தொங்கப் போட்டுட்டு. ஒத்தக் காலுல செருப்பில்ல, பாதமெல்லாம் முள்ளு. மடி நெறைய மஞ்சத் துணி. ஒவ்வொண்ணா அவுத்து மடிச்சு வெச்சுருக்கறாரு, சலவை பண்ணுன துணியாட்ட. நான் ஓடிப்போய்த் தோளப் புடிச்சேன். என்ன அண்ணாந்து பாத்தாரு. மரியாதையா, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்துருக்கற பொம்பளயக் கேக்கறாப்புல கேட்டாரு: "அம்மிணி, இங்க ஒருத்தி வர்றேன்னா. நீங்க பாத்தீங்களா?"

அழுகாத கண்ணு. நீ ஏன் அழுகறே? நானே அழுகல. அன்னிக்கு அழுதேன்தான், இல்லைங்கல. குழியில எட்டிக் குதிச்சுரலாமான்னுகூட இருந்துச்சு. அப்பறம் மேகலாவ நெனச்சேன். எந்திரிச்சேன்.

காலேஜுக்குத் தெரியாது. கண்ணாலம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. மேடையில அவரு கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நின்னேன், எல்லாரையும் பாத்துச் சிரிச்சாரு, அம்சமா இருந்தாரு. அந்த மேடம் இன்னும் போன் போட்டுட்டு இருக்குது. அவரோட மார்க்க வெச்சு எங்கயோ வெளிநாட்டுல போய்ப் பேசிட்டு வந்துச்சாம், பெரிய பேராம். அடுத்த வருசம் இன்னும் நெறைய வயசானவங்களச் சேத்திப் பெரிய காட்டுல தனித்தனியா உடப் போறாங்களாம். ஐயா வந்து ரெண்டு வார்த்த பேசோணுமாம். நான் போனே எடுக்கறதில்ல. அவங்க பண்ணுன காரியத்துக்கு அவங்ககூட என்ன பேச்சு?

இப்ப அவரா? வீட்டுலதான் இருக்கறாரு. கோபியிலயும் ஊருலயும் முழங்கால் வலிக்குக் கேரளாவுல வைத்தியத்துக்குப் போயிருக்கறாருன்னு சொல்லி வெச்சுருக்கறேன். மேகலாகிட்டயும் அதேதான். அப்பாவ ஒருதடவ வீடியோ கால்ல காட்டும்மான்னு இன்னிக்குக்கூட அழுதா. மாசமா இருக்கறவளுக்கு எதுக்கு அதெல்லாம்? வளைகாப்பு முடியட்டும்.

யாரு பாத்துக்கறாங்களா? எதுக்கு ஆளு? ஆளு வெச்சா ஊருக்குத் தெரிஞ்சுரும். உள் ரூம்புல உக்கார வெச்சு, சோத்துப் போசியும் தண்ணிச் செம்பும் வெச்சு, வெளிய பூட்டிட்டு வந்துருக்கறேன். தொறப்புக்குச்சி இதோ, மடியில. சன்னலச் சாத்தித்தான் வெக்கோணும், இல்லீன்னா ரோட்டுல போறவங்களக் கூப்புடுவாரு. டிவியப் போட்டு உட்டிருக்கறேன், அவரு பாட்டுக்குப் பாத்துட்டு இருப்பாரு. வெயிலுதான் இன்னிக்குக் கொஞ்சம் சாஸ்தி. சிமிட்டிச் சீட்டு போட்ட வீடுன்னா சுடத்தான் செய்யும்.

ஏங் கண்ணு அப்பிடிப் பாக்கறே? பஸ்ஸு எடுத்தா ஒரு எட்டுல போயிருவேன்.

இரு, போனு அடிக்குது. எதுத்த வீட்டு ருக்குமணியக்கா... அலோ, சொல்லுங்கக்கா. ஆமாங்க, பஸ்ஸுலதான் இருக்கறேன், ரோடு வேலையாம், நகரவே மாட்டீங்குது... என்னது? எங்கூட்டுக்குள்ளயா? தட்டற சத்தமா? யாரும் இல்லீங்கக்கா, அவரு கேரளாவுலல்ல இருக்கறாரு. டிவிய நிறுத்த மறந்துட்டு வந்துட்டேன், அதுல எதாவது சண்டப் படம் ஓடும்... கதவா? கதவையெல்லாம் யாரு தட்டறாங்க? வேண்டாம் வேண்டாம், பூட்டெல்லாம் ஒடைக்காதீங்க, சம்பந்திங்க வரப்போறாங்க, புதுசாப் பெயிண்டு அடிச்சது... தண்ணியா? யாரு தண்ணி கேக்கறது? அதெல்லாம் டிவியிலதான்க்கா. சித்த நேரம் பொறுத்துக் கேளுங்க...

என்னுங்க? நின்னுருச்சா?

பாத்தீங்களா, நாந்தான் சொன்னனே, படம் முடிஞ்சுருக்கும். வெச்சர்றேன்க்கா.

நின்னுருச்சாம் கண்ணு. அட, எதுக்கு இப்ப எந்திரிக்கறே? யாருக்குப் போன் போடறே? உக்காரு கண்ணு, இன்னும் பஸ்ஸே எடுக்கல.